விலாவில் ஓர் இடுகுறி

சென்ற ஆண்டு ஆடி மாதம் தொடங்கி என் இடது விலாவில் ஒரு வலி குடியிருக்கிறது. மார்பின் நடு எலும்பிலிருந்து இரண்டு விரற்கடை தள்ளி, நான்காம் ஐந்தாம் விலா எலும்புகள் வந்து சேரும் இடம். சுட்டுவிரலால் தொட்டுக் காட்டிவிட முடியும். ஆனால் எப்படிப்பட்ட வலி என்று எவரேனும் கேட்டால், இருபது ஆண்டுகளாகக் கல்லூரியில் தமிழ் கற்பித்துவரும் எனக்குச் சொல் அகப்படுவதில்லை. படுக்கையில் புரளும்போது ஒரு மாதிரி இருக்கும். தும்மினால் வேறு மாதிரி. புத்தக அலமாரியின் மேல்தட்டை எட்ட இடக்கையைத் தூக்கினால் இன்னொரு மாதிரி. சில நாட்களில் எதுவும் செய்யாமல் சும்மா உட்கார்ந்திருக்கும்போதே வந்துவிடும்.

தமிழ் மரபுத்தொடர்களில் விலா ஒரு மகிழ்ச்சியான உறுப்பு. நாம் விலா நோகச் சிரிக்கிறோம். விலாப் புடைக்க உண்கிறோம். நெஞ்சு விம்மும், வயிறு எரியும், குலை நடுங்கும், கண் கலங்கும். விலாவுக்கு மட்டும் சிரிப்பும் விருந்தும்தான். ஆகவேதானோ என்னவோ, 'விலா வலிக்கிறது' என்று நான் சொன்னபோது பணியறை நண்பர்கள் முதலில் சிரித்தார்கள். நானும் உடன் சிரித்தேன். சிரித்தால் வலித்தது.

மருத்துவமனையில் செவிலியர் கேட்ட கேள்வி எளிமையானது: 'பத்துக்கு எத்தனை சார்?' ஆயுள் முழுவதும் விடைத்தாளுக்கு மதிப்பெண் போட்டவன் தன் வலிக்கு மதிப்பெண் போடத் தடுமாறினேன். நான்கு என்றேன். ஐந்து என்றால் பயந்துவிடுவார்கள், மூன்று என்றால் அனுப்பிவிடுவார்கள் என்று ஒரு கணக்கு. 1975ஆம் ஆண்டில் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரொனால்ட் மெல்சாக், எண் மட்டும் போதாது என்று கருதி வலிக்கான 78 சொற்களைத் திரட்டி 20 தொகுதிகளாகப் பிரித்து ஒரு வினாநிரல் அமைத்தார். நோயாளி தமக்குப் பொருந்தும் சொற்களை அதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டும். சூரமங்கலத்தில் எங்கள் தெருவிலேயே அத்தகைய ஒரு நிரலைத் தொகுத்துவிடலாம். குத்தல், குடைச்சல், கடுப்பு, உளைச்சல், இசிவு, பிடிப்பு, எரிச்சல், காந்தல். சுருக்கென்பது, வெடுக்கென்பது, விண்விண் என்று தெறிப்பது. இவற்றில் ஒன்றுக்கொன்று மாற்றுச் சொல் கிடையாது. குடைச்சல் எலும்புக்குள் இருப்பது. கடுப்பு நின்று வேலை செய்த காலுக்கு வருவது. காந்தல் தோலுக்கு உரியது. என் வலி காலையில் பிடிப்பாக இருந்து, நண்பகலில் குத்தலாகி, இரவில் உளைச்சலாக முடியும். மூன்றும் ஒரே வலிதானா என்பதே எனக்கு ஐயமாக இருந்தது.

என் அச்சத்துக்கு ஒரு வரலாறு உண்டு. அப்பா சேலம் சந்திப்பில் ரயில்வே ஊழியராக இருந்தவர். நாங்கள் சூரமங்கலத்துக்காரர்களானது அவருடைய வேலையால்தான். 1996ஆம் ஆண்டு மார்கழியில் ஒரு விடியற்காலை, நெஞ்சை என்னவோ செய்கிறது என்று எழுந்து உட்கார்ந்தார். 'வாயுதான். ஒரு சோடா குடிச்சா எறங்கிரும்' என்று தம் நோயைத் தாமே கண்டறிந்து மருந்தையும் சொன்னார். சோடா வந்து சேர்ந்தபோது அதைக் குடிக்க அவர் இல்லை. அவருக்கு அப்போது 48 வயது. வரும் தை மாதத்தில் எனக்கும் 48 நிறைகிறது. அன்றுமுதல் எங்கள் வீட்டில் அம்மா உட்பட எவரும் 'வாயு' என்ற சொல்லை இலேசாகச் சொன்னதில்லை. எனவே இடது பக்கம் வலி என்றவுடன், எந்த நேரமாயினும் சரி என்று ஆட்டோ பிடித்துப் போய்விட்டேன்.

எல்லாச் சோதனைகளும் நடந்தன. இதயத்துடிப்பின் மின்வரைபடம் எடுத்தார்கள். இதயத் தசை சேதமுற்றால் சில மணி நேரத்துக்குள் இரத்தத்தில் உயரும் ட்ரோபோனின் என்னும் புரதத்தை அளந்தார்கள்; சில மணி நேரம் கழித்து மறுமுறையும் அளந்தார்கள். எக்கோ எடுத்தார்கள். வயிற்றுக்கு ஸ்கேன், நெஞ்சுக்கு எக்ஸ்ரே. முடிவில் ஒருவர் கோப்பை மூடிவிட்டு, 'எல்லாம் நார்மல். உங்களுக்கு ஒன்னுமில்ல' என்றார். அந்தச் சொல் எனக்கு இரண்டு நாள் தேனாக இருந்தது. மூன்றாம் நாள் காலையில் வலி வழக்கம்போல் எழுப்பியபோதுதான் அந்தச் சொல்லின் குறை தெரிந்தது. 'ஒன்றும் இல்லை' என்றால், இருக்கிற இது என்ன? இன்னொரு மருத்துவர் அதற்கும் விடை வைத்திருந்தார்: 'மனசுதான் சார் காரணம். டென்ஷனக் கொறைங்க.' வலி எனக்கு மனக்கவலையைத் தந்திருந்தது உண்மை. மனக்கவலைதான் வலியைத் தந்தது என்று அதைத் திருப்பிப் போடுவதற்கு அவரிடம் என்ன சான்று இருந்தது என்று எனக்கு விளங்கவில்லை.

அந்த எக்ஸ்ரே படத்தை வீட்டுச் சன்னலில் வைத்துப் பல முறை பார்த்திருக்கிறேன். வில்ஹெல்ம் ராண்ட்ஜன் 1895இல் இந்தக் கதிரைக் கண்டபோது மனிதன் தன் எலும்பைத் தானே பார்க்க முடிந்தது பெரிய அதிசயமாக இருந்திருக்கும். ஆனால் அந்தக் கதிர் கடினமான எலும்பைத்தான் நன்றாகக் காட்டும், குருத்தெலும்பைக் காட்டாது. படத்தில் விலா எலும்புகள் முதுகிலிருந்து வளைந்து வந்து, நடு மார்பை எட்டும் முன்பே கரைந்துபோனவை போல் நின்றுவிடும். அங்கே ஒன்றுமில்லை என்று தோன்றும். உண்மையில் அந்த இடைவெளியில் குருத்தெலும்பு இருக்கிறது. என் வலியும் சரியாக அங்கேதான் இருந்தது.

மருத்துவர்கள் காரணம் சொல்லாத இடத்தில் ஊர் காரணம் சொல்லத் தொடங்கும். எதிர்வீட்டு அக்கா அம்மாவின் முகத்தைக் கவனியாமல் 'வாயுதான் அத்தை, பூண்டச் சுட்டுக் குடுங்க' என்றார். உடற்கல்வித் துறை நண்பர் தசைப்பிடிப்பு என்று தைலம் கொடுத்தார். ஐந்து ரோட்டிலிருந்து ஜங்ஷன் வரை தினமும் வண்டியில் குலுங்கி வருவதால்தான் என்றார் ஒருவர். சோதிடம் அறிந்த ஒருவர் சனி எங்கே நிற்கிறது என்று விசாரித்தார். அம்மா அக்கி என்று நினைத்தாள். 'கொப்புளம் வெளிய வரதுக்கு முன்னாடி வலிதான் சாமி வரும். வேளார் வீட்டுல சொல்லி எழுதிரலாம்' என்றாள். செங்காவி குழைத்து உடம்பில் உருவம் எழுதும் அந்தப் பழைய சிகிச்சையில் எனக்கு நம்பிக்கை இல்லையெனினும், அம்மாவின் நோய்க்குறிப்பில் தவறில்லை. சிறுவயதில் சின்னம்மை கண்டவர்களின் நரம்பு முடிச்சுகளில் அந்த வைரஸ் உறங்கிக் கிடக்கும். பல்லாண்டு கழித்து விழித்தால் விலா எலும்புகளுக்கு இடையே ஓடும் நரம்பின் வழியே பட்டையாகப் படரும். கொப்புளம் தோன்றுவதற்குச் சில நாட்கள் முன்பே வலி வந்துவிடும். இரண்டு வாரம் காலையும் மாலையும் கண்ணாடி முன் சட்டையைக் கழற்றி நின்று பார்த்தேன். ஒரு கொப்புளமும் வரவில்லை. வராததில் எனக்குச் சிறிது ஏமாற்றம்கூட இருந்தது என்று சொன்னால் நம்புவீர்களோ என்னவோ. வந்திருந்தால் காரணம் தெரிந்திருக்கும்.

ஓர் ஏட்டில் காரணங்களை வரிசையாக எழுதிவைத்தேன். ஆனி மாதத்தில் மூன்று வாரம் நீடித்த இருமல்; தேர்வு நாட்களில் தூக்கிச் சுமந்த விடைத்தாள் கட்டுகள்; இடப்பக்கம் ஒருக்களித்துப் படுக்கும் பழக்கம்; மேசைமேல் குனிந்து திருத்தும் பழக்கம். இரவில் தேடிப் படித்ததன் விளைவாகப் பட்டியல் நீண்டது. டென்மார்க்கின் போர்ன்ஹோல்ம் தீவின் பெயரால் வழங்கும் ஒரு நோய், காக்சாக்கி என்னும் வைரஸ் வகையால் வருவது, விலாவை இறுக்கிப் பிடிக்கும் என்று அறிந்தேன். எனக்குக் காய்ச்சல் இல்லாததால் அதை அடித்தேன். 1919இல் எட்கர் சிரியாக்ஸ் என்பவர் விவரித்த நழுவும் விலா என்ற நிலை கீழ் விலாக்களுக்கு உரியது, அதையும் அடித்தேன். பதினொரு காரணங்கள் எழுதி ஏழை அடித்தபின் நான்கு எஞ்சின. நான்குமே இருக்கலாம், நான்குமே இல்லாமலும் போகலாம்.

அந்த நாட்களில்தான் முதுகலை வகுப்பில் அகப்பாடல்களின் வெறியாட்டுத் துறையை நடத்த நேர்ந்தது. மகள் மெலிகிறாள், வளை கழல்கிறது, நிறம் மாறுகிறது. நோய்க்குக் காரணம் தெரியாத தாய் கட்டுவிச்சியை அழைக்கிறாள். அவள் முறத்தில் நெல்லைப் பரப்பிக் குறி பார்க்கிறாள். வேலன் வருகிறான், கழங்கு இட்டுப் பார்த்து, முருகன் அணங்கியது என்கிறான், ஆட்டுக்குட்டி பலியாகிறது. இத்தனை ஆண்டுகளாக இந்தத் துறையை நான் நகைச்சுவை கலந்தே நடத்தி வந்திருக்கிறேன். ஏனெனில் காரணம் நமக்குத் தெரியும். தலைவிக்குத் தெரியும், தோழிக்குத் தெரியும், கேட்கும் நமக்கும் தெரியும். தாய்க்கும் வேலனுக்கும் மட்டுமே தெரியாது. இம்முறை நான் தாயின் பக்கம் நின்று அந்தப் பாடல்களைப் படித்தேன். காரணம் தெரியாதபோது கழங்கு உருட்டாமல் ஒரு வீடு எப்படி இருக்கும்? எங்கள் வீட்டிலும் பூண்டு, தைலம், செங்காவி, சனி என்று கழங்குகள் உருண்டுகொண்டுதான் இருந்தன. வேறுபாடு ஒன்றுதான். அகப்பாட்டில் உண்மையை அறிந்த தோழி ஒருத்தி அருகில் இருக்கிறாள். என் விலாவுக்குத் தோழி இல்லை.

பிறகு திருநாவுக்கரசரின் சூலை நோய் நினைவுக்கு வந்தது. திருவாமூரில் மருள்நீக்கியாராகப் பிறந்து, பாடலிபுத்திரத்துச் சமணப் பள்ளியில் தருமசேனராக இருந்தபோது அவரைச் சூலை பற்றியது. அங்கிருந்தவர்கள் மருந்தாலும் மந்திரத்தாலும் முயன்று முடியாமல் கைவிட்டனர். திருவதிகையில் தமக்கை திலகவதியாரிடம் வந்து சேர்ந்தார், திருநீறு பெற்றார், வீரட்டானத்தில் முதற்பதிகம் பாடினார், நோய் நீங்கிற்று. 12ஆம் நூற்றாண்டில் இதை எழுதிய சேக்கிழார், நோய் வருவதற்கு முன்பே நமக்குக் காரணத்தைச் சொல்லிவிடுகிறார். தம்பியை மீட்டுத் தருமாறு திலகவதியார் வேண்டுகிறார். சூலை தந்து ஆட்கொள்வதாக இறைவன் கனவில் உரைக்கிறார். அப்புறம்தான் வயிற்றில் வலி தொடங்குகிறது. பெரியபுராணத்தில் பல நோய்களுக்குக் காரணம் சொல்லப்படுகிறது. சம்பந்தரின் மடத்துக்கு வைத்த தீயே பாண்டியனுக்கு வெப்பு நோயாகிறது. சங்கிலியாருக்குக் கொடுத்த வாக்கை மீறியதால் சுந்தரர் கண்ணிழக்கிறார்.

ஆனால் சேக்கிழாரை ஒதுக்கிவைத்துவிட்டு, அவருக்கு ஐந்து நூற்றாண்டு முந்தைய அந்தப் பதிகத்தை மட்டும் தனியே படித்துப் பாருங்கள். பாடுகிறவர் தம் வலியின் இடத்தைச் சொல்கிறார், குடலைப் பற்றி முடக்கும் அதன் தன்மையைச் சொல்கிறார், தாங்க முடியவில்லை என்கிறார். தாம் செய்த கொடுமை எதுவென்று தமக்குத் தெரியாது என்றும் சொல்கிறார். தமக்கை கண்ட கனவு அந்தப் பாடலில் இல்லை. வலியில் இருப்பவன் குரலுக்கும் அவன் வரலாற்றை எழுதுகிறவன் குரலுக்கும் உள்ள வேறுபாடு அதுதான் என்று எனக்குப் பட்டது. காரணம் பெரும்பாலும் பிற்பாடு, பிறரால், கதை முழுமை பெற்றபின் எழுதப்படுகிறது. அனுபவிக்கிற வேளையில் இடமும் தன்மையும் மட்டுமே கையில் இருக்கின்றன. பக்தியுள்ள வாசகர்கள் இதை வேறு விதமாகக் காணலாம். அதில் எனக்கு மறுப்பு இல்லை. நோயாளியாகப் படித்தபோது எனக்குக் கிடைத்தது இது.

காரணம் தெரிந்துவிட்டால் வலி குறையுமா என்று கேட்டுக்கொள்ளவும் செய்தேன். 'கடைசிப் பாடம்' என்ற கதையைப் பள்ளி ஆங்கிலப் பாடநூலில் படித்தவர்கள் பலர் இருப்பீர்கள். அதை எழுதிய பிரெஞ்சு எழுத்தாளர் அல்போன்ஸ் தோதே (1840–1897) தண்டுவடத்தைத் தாக்கிய மேகநோயால் பல்லாண்டு வதைபட்டவர். மார்பையும் விலாவையும் இரும்புக் கவசம் போல் இறுக்கும் வலியைத் தம் குறிப்பேட்டில் எழுதிவைத்தார். அக்குறிப்புகள் அவர் மறைந்து 33 ஆண்டுகளுக்குப் பின் 1930இல் நூலாயின. 2002இல் ஜூலியன் பார்ன்ஸ் அதை ஆங்கிலத்தில் தந்தார். தோதேவுக்குத் தம் நோயின் காரணம் தெரியும். அக்காலத்தின் மிகப் பெரிய நரம்பியல் மருத்துவரான ஷார்கோவே அவரைப் பார்த்தார். குணமாகாது என்ற விடையையும் அளித்தார். காரணம் தெரிந்தது அவர் விலாவைத் தளர்த்தவில்லை. ஆக, நான் தேடுவது நிவாரணத்தை மட்டுமல்ல என்று புரிந்தது. அப்பாவுக்கு நேர்ந்தது எனக்கு நேராது என்ற உறுதியைத்தான் காரணம் என்ற பெயரில் தேடிக்கொண்டிருந்தேன்.

அந்த உறுதியின் பெரும்பகுதியை எனக்குத் தந்தவர் ஜங்ஷன் அருகே சிறிய அறையில் நோயாளிகளைப் பார்க்கும் ஒரு மூத்த மருத்துவர். கொண்டுபோன கோப்பை முழுவதும் படித்தார். பிறகு என்னைப் படுக்கவைத்து, மார்பெலும்பின் ஓரமாக விலாக்கள் சேரும் ஒவ்வோர் இடத்தையும் ஒரு விரலால், ஆர்மோனியக் கட்டைகளை அழுத்துவது போல, மேலிருந்து கீழாக அழுத்திக்கொண்டே வந்தார். நான்காவதில் நான் துள்ளினேன். 'இதுதானே உங்க வலி? இதேதானே?' என்றார். அதேதான். ஓராயிரம் சொல் தேடியும் என்னால் சொல்ல முடியாததை ஒரு விரல் சொல்லிவிட்டது.

'அழுத்தினா அதே வலி வருதுங்கறது நல்ல அறிகுறி சார். ஆனா அத மட்டும் வச்சு ஹார்ட் இல்லன்னு நான் சொல்லமாட்டேன். மத்த டெஸ்டெல்லாம் சரியா இருக்கறதால சொல்றேன். இது இதயம் இல்ல, நுரையீரல் இல்ல. விலா எலும்பும் குருத்தெலும்பும் சேர்ற மூட்டு.'

'எதனால வந்துச்சுங்க டாக்டர்?'

'அது தெரியலைங்க சார். நெறைய பேருக்குத் தெரியறதில்ல.'

மூன்று மாதத்தில் எனக்குக் கிடைத்த முதல் நேர்மையான விடை அதுவென்று தோன்றியது. 'ஒன்னுமில்ல' என்பதற்கும் 'தெரியல' என்பதற்கும் இடையே எவ்வளவு தொலைவு! முன்னது என் வலியை இல்லாமலாக்கியது. பின்னது வலியை ஒப்புக்கொண்டு, அறிவின் எல்லையையும் ஒப்புக்கொண்டது. திருக்குறளின் 'மருந்து' அதிகாரத்தில் 948ஆம் குறள் மருத்துவனுக்கு இலக்கணம் வகுப்பது. நோயையும், அது வந்த காரணத்தையும், அதைத் தணிக்கும் வழியையும் ஆராய்ந்து, பொருந்துமாறு செய்க என்பது. அதில் மும்முறை வரும் வினை நாடுதல். நாடுதல் என்பது தேடிச் செல்வது; கண்டே தீர்வேன் என்ற உறுதிமொழி அதில் இல்லை. நாடியும் காரணம் கிட்டாதபோதும், தணிக்கும் வழியை நாடலாம். அந்த மருத்துவர் அதைத்தான் செய்தார். வெந்நீர் ஒத்தடம், சில நாளைக்கு வலி மாத்திரை, தோளையும் மார்பையும் மெல்ல விரிக்கும் பயிற்சி, பாரம் தூக்குவதில் நிதானம் என்று எழுதித் தந்தார்.

நோய்க்கு அவர் சொன்ன பெயர் காஸ்டோகான்ட்ரைட்டிஸ். வீட்டுக்கு வந்ததும் தமிழாசிரியன் புத்தி வேலை செய்தது. பிரித்துப் பார்த்தேன். காஸ்டா இலத்தீனில் விலா, காண்ட்ரோஸ் கிரேக்கத்தில் குருத்தெலும்பு, ஐட்டிஸ் அழற்சி. விலாக் குருத்தெலும்பு அழற்சி. அதாவது, 'ஐயா, எனக்கு விலாவில் குருத்தெலும்பு வந்து சேரும் இடத்தில் நோகிறது' என்று நான் தமிழில் சொல்லியதை இரண்டு செம்மொழிகளில் எனக்கே திருப்பித் தந்திருக்கிறார்கள். அழற்சி என்று பெயரில் இருந்தாலும் வெளியே வீக்கம் தென்படாது. வீங்கியிருந்தால் அதற்கு வேறு பெயர். 1921இல் அதை விவரித்த ஜெர்மானிய அறுவை மருத்துவர் அலெக்சாந்தர் டீட்ஸின் பெயரால் வழங்குகிறார்கள். அதற்கும் காரணம் பெரும்பாலும் தெரிவதில்லை.

நன்னூல் படித்தவர்களுக்கு இது புதிதன்று. பெயர்களை இடுகுறிப் பெயர், காரணப் பெயர் என்று பிரிப்பார் பவணந்தியார். பறப்பதால் பறவை, அது காரணப் பெயர். மரத்துக்கு மரம் என்று ஏன் பெயர் வந்தது? வந்தது, அவ்வளவுதான், அது இடுகுறி. என் நோயின் பெயர் காரணப் பெயர் போல வேடமிட்ட இடுகுறிப் பெயர். இந்தப் பாடத்தை நடத்தும்போது சென்ற பருவத்தில் ஒரு மாணவி கேட்டாள்: 'ஐயா, அப்போ மரம்ங்கிற சொல்லுக்குக் காரணமே இல்லைங்களா?' தொல்காப்பியரைத் துணைக்கு அழைத்தேன். சொல்லதிகாரத்து உரியியலில் அவர் மிகக் கவனமாகப் பேசுகிறார். சொல்லுக்கும் பொருளுக்கும் இடையிலான காரணம் பார்த்தவுடன் புலப்படாது என்கிறாரே தவிர, காரணமே இல்லை என்று கூறவில்லை. இல்லாமைக்கும் புலப்படாமைக்கும் வேறுபாடு வைத்தவர் அவர். மாணவிக்கு விடை போதுமானதாக இருந்ததோ இல்லையோ, எனக்குப் போதுமானதாக இருந்தது.

விலாவைப் பற்றிச் சிறிது படித்ததில் ஒன்று தெரிந்தது. பன்னிரண்டு இணை, மேலே ஏழு இணைகள் தத்தம் குருத்தெலும்பால் மார்பெலும்பை நேரே தொடுகின்றன, அடுத்த மூன்று, மேலுள்ளதன் குருத்தெலும்பைப் பற்றிக்கொள்கின்றன, கடைசி இரண்டும் எதையும் பற்றாமல் நிற்கின்றன. மூச்சு இழுக்கும்போதெல்லாம் இந்தக் கூடு விரிகிறது, விடும்போது சுருங்குகிறது. நம் சித்தர் மரபில் ஒரு நாளைக்கு 21,600 மூச்சு என்று கணக்கு. சிதம்பரம் பொன்னம்பலக் கூரையின் ஓடுகளுக்கும் அந்த எண்ணையே சொல்வார்கள். நிமிடத்துக்குப் பதினைந்து மூச்சு என்று பெருக்கினால் சரியாக அதுதான் வருகிறது. அத்தனை முறை அசையும் மூட்டு அது. கை முறிந்தால் தூக்குக் கட்டில் தொங்கவிட்டு ஓய்வு தரலாம். விலாவுக்கு ஓய்வு தர வேண்டுமென்றால் மூச்சை நிறுத்த வேண்டும். புண்பட்ட ஒரு விலா ஆறுவதற்குச் சில வாரங்களும் மாதங்களும் ஏன் ஆகின்றன என்பது எனக்கு அப்போதுதான் விளங்கிற்று.

மூன்று மாதத்துக்கு மேல் நீடிக்கும் வலியை நாட்பட்ட வலி என்கிறார்கள். 2022 சனவரியில் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டில், வேறு நோயின் அடையாளமாக அன்றித் தானே நோயாக நிற்கும் நாட்பட்ட வலிக்குத் தனி இடம் உண்டு. வலி ஆய்வுக்கான பன்னாட்டுச் சங்கம் 2020இல் வலியின் வரையறையைத் திருத்தியபோது, ஒருவர் வலிக்கிறது என்று சொன்னால் அச்சொல்லை மதிக்க வேண்டும் என்ற குறிப்பையும் உடன் சேர்த்தது. ஒரு மருத்துவ ஆவணத்தில் இப்படி ஒரு வாக்கியத்தை எழுத நேர்ந்திருக்கிறது என்றால், எத்தனை பேரிடம் 'ஒன்னுமில்ல' என்று சொல்லப்பட்டிருக்கும்!

இப்போது நான் பழகிக்கொண்ட ஒழுங்கு இதுதான். வலியின் தன்மை மாறினால் கவனிப்பேன். நெஞ்சின் நடுவே அழுத்தி, இடத்தோளுக்கோ தாடைக்கோ பரவினால், வியர்த்து மூச்சு முட்டினால், அதை விலா என்று சமாதானம் சொல்லிக்கொள்ளாமல் உடனே மருத்துவமனைக்குப் போவேன். காய்ச்சல், இருமலில் இரத்தம், காரணமில்லாத எடைக்குறைவு இவை எதுவும் சேர்ந்தாலும் மறுபடி காட்டுவேன். சோடா வாங்க ஆள் அனுப்ப மாட்டேன். இவை எதுவும் இல்லாத நாட்களில் காரணம் தேடுவதில்லை. அந்த ஏட்டில் எஞ்சிய நான்கு காரணங்கள் அடிக்கப்படாமல் அப்படியே இருக்கின்றன. அவற்றுள் எதையும் வட்டமிடவும் இல்லை.

தை அமாவாசைக்கு அம்மாவின் வற்புறுத்தலால் கஞ்சமலைச் சித்தர் கோயிலுக்குப் போனோம். மரு, தோல்நோய் நீங்க அங்குள்ள குளத்தில் உப்பும் மிளகும் போடுவார்கள். அம்மா விலா வலியையும் அந்தப் பட்டியலில் தானே சேர்த்துக்கொண்டு இரண்டு பொட்டலம் வாங்கினாள். இரும்புத்தாதுவும் மூலிகையும் நிறைந்தது என்று பெயர் பெற்ற அந்த மலையைப் பார்த்துக்கொண்டு நானும் போட்டேன். பலன் கேட்காதீர்கள். மாசியில் வலி குறைந்தது. சித்திரையில் மறுபடி வந்தது. ஆடி வந்தபோது வாரத்துக்கு இரண்டு நாள் என்ற அளவுக்கு இறங்கியிருந்தது. உப்பாலா, மிளகாலா, ஒத்தடத்தாலா, காலத்தாலா என்று பிரித்துச் சொல்ல எனக்கு வழியில்லை.

கூடியிருக்கும் இரவுகளில் அம்மா நல்லெண்ணெயைச் சூடாக்கி வந்து விலாவில் தடவிக்கொடுப்பாள். அதில் ஓரளவு அறிவியல் உண்டு. மெல்சாக்கும் பேட்ரிக் வாலும் 1965இல் முன்வைத்த கோட்பாட்டின்படி, தண்டுவடத்தில் வலிச் செய்திகள் மூளைக்குப் போகும் வழியில் ஒரு வாயில் போன்ற அமைப்பு இருக்கிறது; தொடுதலின் செய்தி அவ்வழியே விரைந்து வந்தால் வலியின் செய்திக்கு வாயில் சற்றுச் சாத்தப்படுகிறது. இதை அம்மாவிடம் விளக்கினேன். 'அப்புடியா?' என்று கேட்டுக்கொண்டாளே தவிர, தடவுவதை நிறுத்தவில்லை. தொடக்கத்தில் ஒவ்வொரு நாளும் 'எதனால சாமி இப்பிடி வருது?' என்று கேட்பாள். இப்போதெல்லாம் 'இன்னைக்கு எப்பிடி இருக்குது?' என்று மட்டும் கேட்கிறாள். அந்தக் கேள்விக்கு என்னிடம் எப்போதும் விடை இருக்கிறது.